தாய்க்குக் கொடுக்கும் மயக்கம் வயிற்றுக் குழந்தைக்கும் போதுமா?

கேள்வி: என் தங்கைக்கு இரட்டைக் குழந்தைகள், நஞ்சுக்கொடி ஒன்றுதான். ஒரு குழந்தையின் ரத்தம் இன்னொன்றுக்குப் போகிறது, 20வது வாரத்தில் லேசர் செய்ய வேண்டும் என்கிறார்கள். தங்கைக்கு இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்க வைப்பார்களாம். அப்படியானால் உள்ளே இருக்கும் குழந்தைகளுக்கு வலிக்காதா? வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளைக்கு ஆபரேஷன் செய்தால் அதற்கு மயக்க மருந்து கொடுப்பார்களா, மாட்டார்களா?

பதில்:

முதலில் உங்கள் தங்கை விஷயம். இந்த லேசர் சிகிச்சையில் குழந்தைகளின் உடம்பில் எதுவும் படுவதில்லை. தாயின் வயிற்றில் சிறு துளை போட்டு, 2 முதல் 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு குழாயைப் பனிக்குடத்துக்குள் விடுவார்கள். அதன் வழியே நஞ்சுக்கொடியின் மேற்பரப்பைப் பார்த்து, இரண்டு குழந்தைகளின் ரத்த ஓட்டத்தையும் இணைக்கும் நாளங்களை ஒவ்வொன்றாக லேசரால் சுட்டு அடைப்பார்கள். நஞ்சுக்கொடியிலும் தொப்புள்கொடியிலும் வலியை உணர்த்தும் நரம்பு கிடையாது. பிரசவத்தில் கொடியை வெட்டும்போது குழந்தைக்கு வலிப்பதில்லையே, அதே காரணம்தான். வலிக்கக்கூடிய இடங்கள் எல்லாம் தங்கையின் பக்கம்: தோல், வயிற்றுச் சுவரின் உள்ளுறை, கருப்பையின் சுவர். அதற்குத்தான் அவருக்கு லோக்கல் ஊசியோ முதுகில் போடும் ஊசியோ. குழந்தைகளுக்குத் தனியாக வலி ஊசி தேவைப்படாது.

ஆனால் குழந்தைகள் நீந்திக்கொண்டே இருப்பார்கள். லேசர் வைக்கும் நொடியில் ஒரு கை குறுக்கே வந்தால் சிக்கல். அதனால் சில இடங்களில் தாயின் ரத்தத்தில் ரெமிஃபென்டனில் என்ற மருந்தைச் சொட்டுச் சொட்டாகச் செலுத்துவார்கள். தாய் விழித்தபடியே, பேச்சுக்குப் பதில் சொல்லியபடியே இருப்பார். மருந்து நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போய்க் குழந்தைகளின் ஆட்டத்தை அடக்கும். பெல்ஜியத்தின் லூவன் குழு இதை டயசெபாமோடு ஒப்பிட்டு, ரெமிஃபென்டனிலே மேல் என்று 2005ல் காட்டியது. தங்கைக்கு இதைக் கொடுப்பார்களா என்று தாராளமாகக் கேளுங்கள். கொடுக்காவிட்டாலும் தவறில்லை, அது அந்தக் குழுவின் பழக்கத்தைப் பொறுத்தது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு ஒரே வரியில் பதில்: குழந்தையின் உடம்பையே குத்தவோ வெட்டவோ வேண்டியிருந்தால், கொடுப்போம். ஏன், எப்படி என்பதுதான் நீளமான கதை. நான் மயக்க மருத்துவர். கருவில் ஊசி வழியாகவும் குழாய் வழியாகவும் செய்யும் சிகிச்சைகளின்போது தாயின் தலைமாட்டில் நின்றிருக்கிறேன். கருப்பையையே திறந்து செய்யும் ஆபரேஷனில் நின்றதில்லை. அதைப் பற்றி இங்கே சொல்வதெல்லாம் படித்தும் கேட்டும் அறிந்தவை.

தாய் மயங்கினால் வயிற்றுப் பிள்ளையும் மயங்கிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். பாதி சரி. நஞ்சுக்கொடி ஒரு சல்லடை. கொழுப்பில் கரையும், மின்னேற்றம் இல்லாத சிறு மூலக்கூறுகளை விட்டுவிடும். மூச்சு வழியாகக் கொடுக்கும் மயக்க வாயுக்கள், ஃபென்டனில் போன்ற வலி மருந்துகள் எல்லாம் இப்படிக் கடந்துவிடும். ஆனால் வாயு தாயிடம் நிலைபெற்ற பிறகும் குழந்தையின் ரத்தத்தில் அந்த அளவுக்கு ஏற நேரம் பிடிக்கும். தசைகளைத் தளர வைக்கும் மருந்துகளோ மின்னேற்றம் உள்ளவை. ஏறக்குறைய வாசலிலேயே நின்றுவிடும். முழு மயக்கத்தில் சிசேரியன் நடக்கும்போது தாய் விரலைக்கூட அசைக்க முடியாமல் கிடக்க, வெளியே வந்த குழந்தை கைகால் உதறி அழுவதற்கு இதுதான் காரணம். இதயத் துடிப்பு விழாமல் காக்கும் இரண்டு மருந்துகளில் அட்ரோபின் கடந்து போகும், கிளைக்கோபைரோலேட் போகாது. முதுகில் போடும் ஊசியின் மருந்து தாயின் ரத்தத்தில் கலப்பதே கொஞ்சம். அது குழந்தையை மரக்க வைக்காது.

ஆக, தாய்க்கு முதுகில் ஊசி போட்டுவிட்டுக் குழந்தையின் மார்பிலோ சிறுநீர்ப்பையிலோ குழாய் பொருத்தினால், அந்தக் குழந்தைக்கு நாம் எதுவுமே கொடுக்கவில்லை என்றுதான் அர்த்தம். இப்படிப்பட்ட நேரங்களில் ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஒரு மெல்லிய ஊசியைத் தாயின் வயிறு வழியாக இறக்கி, குழந்தையின் தொடையிலோ பிட்டத்திலோ தோளிலோ மருந்தைப் போடுவார்கள். தொப்புள்கொடியின் சிரை வழியாகவும் கொடுக்கலாம். ஒரே சிரிஞ்சில் மூன்று மருந்துகள்: வலிக்கு ஃபென்டனில், அசையாமல் இருக்க வெக்குரோனியம் அல்லது ரொக்குரோனியம், இதயத் துடிப்பு விழாமல் இருக்க அட்ரோபின்.

அளவைக் கேட்டால் வியப்பாக இருக்கும். 24 வாரக் குழந்தை ஏறக்குறைய 600 கிராம். எடைபோட முடியாது, தலை, வயிறு, தொடை எலும்பு ஆகியவற்றை ஸ்கேனில் அளந்து கணக்கிட்ட எடைதான். ஃபென்டனில் கிலோவுக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம், அதாவது இந்தக் குழந்தைக்கு 6 முதல் 12 மைக்ரோகிராம். நம் ஊரில் கிடைக்கும் 2 மில்லி ஆம்பியூலில் 100 மைக்ரோகிராம் இருக்கும். அட்ரோபின் கிலோவுக்கு 20 மைக்ரோகிராம், அதாவது 12. நம் ஆம்பியூல் ஒன்றில் 600 இருக்கிறது. ஐம்பதில் ஒரு பங்கு போதும். தசமப் புள்ளி ஓரிடம் தவறினால் பத்து மடங்கு. அதனால் இந்தச் சிரிஞ்சுகளை இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்குப் போட்டுச் சரிபார்த்த பிறகுதான் மேசைக்கு அனுப்ப வேண்டும் என்பதில் நான் பிடிவாதக்காரன்.

அட்ரோபின் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். நம் இதயம் தேவைப்படும்போது ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலாக ரத்தத்தைத் தள்ளும். கருவின் இதயத்துக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. துடிப்பின் எண்ணிக்கை விழுந்தால் ரத்த ஓட்டமும் கூடவே விழும். நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருக்க வேண்டிய துடிப்பு 100க்குக் கீழே போனால் அறையில் பேச்சு நின்றுவிடும். அட்ரினலின் நிரப்பிய இன்னொரு சிரிஞ்சு எப்போதும் தயாராக இருக்கும்.

இந்த மூன்றில் எது இல்லாமல் போனாலும் ஆபத்து என்றாலும், வலி மருந்து இல்லாமல் தசைத்தளர்வு மருந்தை மட்டும் கொடுப்பதுதான் எனக்குப் பெரிய பயம். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் அமைதியாக இருக்கும். குழந்தை அசையாது. மருத்துவர் நிம்மதியாக வேலை செய்வார். ஆனால் அசையாமை வேறு, வலியின்மை வேறு. மருத்துவ உலகம் இதைக் கற்றுக்கொண்டது பிறந்த குழந்தைகளிடம், அதுவும் மிகத் தாமதமாக.

1980கள் வரை குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு ஆபரேஷன் என்றால் பல மருத்துவமனைகளில் தசைத்தளர்வு மருந்தும் கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடும் மட்டும்தான். பச்சைக் குழந்தையின் நரம்பு முதிரவில்லை, வலி தெரியாது, முழு மயக்கம் தாங்காது என்ற நம்பிக்கை. இந்தூரில் மருத்துவம் படித்துவிட்டு ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டு போன கன்வல்ஜீத் ஆனந்த், ஆபரேஷன் முடிந்து திரும்பும் குழந்தைகள் ஏன் இவ்வளவு சீர்கெட்டு வருகிறார்கள் என்று யோசித்தார். இதயத்துக்கு அருகில் மூடாமல் இருக்கும் நாளத்தைக் கட்டும் ஆபரேஷனுக்கு வந்த குறைமாதக் குழந்தைகள் 16 பேரை இரண்டு பிரிவாக்கினார். ஒரு பிரிவுக்கு வழக்கமான முறை, மற்றதற்கு அதோடு ஃபென்டனில், கிலோவுக்கு 10 மைக்ரோகிராம். ஃபென்டனில் இல்லாத குழந்தைகளின் ரத்தத்தில் அழுத்த ஹார்மோன்கள் எகிறின, பின்விளைவுகளும் கூடுதல். 1987ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த இந்தக் கட்டுரைக்குப் பிறகுதான் பச்சிளங்குழந்தை மயக்கவியல் மாறத் தொடங்கியது. இன்று கருவுக்குக் கொடுக்கும் ஃபென்டனில் அளவின் கீழெல்லையும் அதே 10தான்.

அடுத்த படி லண்டனில் நடந்தது. ரத்தசோகை உள்ள கருவுக்கு ரத்தம் செலுத்த இரண்டு வழிகள் உண்டு. ஒன்று தொப்புள்கொடி நஞ்சுக்கொடியோடு சேரும் இடம், அங்கே நரம்பில்லை. மற்றது குழந்தையின் வயிற்றைத் துளைத்து ஈரலுக்குள் ஓடும் சிரை. அந்த வழியில் நரம்புண்டு. நிக்கலஸ் ஃபிஸ்க்கின் குழு இரண்டையும் ஒப்பிட்டது. வயிற்றைத் துளைத்தபோது கருவின் அழுத்த ஹார்மோன்களான கார்ட்டிசாலும் பீட்டா எண்டார்ஃபினும் உயர்ந்தன. கொடியில் குத்தியபோது உயரவில்லை. இது 1994. ஒரே சிகிச்சை, ஒரே ரத்தம், ஊசி நுழைந்த இடம் மட்டும் வேறு. இவ்வளவு நேர்த்தியான ஒப்பீடு மருத்துவத்தில் அடிக்கடி கிடைக்காது. 2001ல் அதே குழு, வயிற்றைத் துளைக்கும் முன் கருவுக்கே ஃபென்டனில் கொடுத்தால் பீட்டா எண்டார்ஃபினின் உயர்வு பாதியாகக் குறைவதையும் மூளை ரத்த ஓட்டத்தில் வரும் மாற்றம் அடங்குவதையும் காட்டியது.

சரி, இதற்குப் பெயர் வலியா? இங்கேதான் ஆட்கள் சண்டை போடுகிறார்கள். ஊசி பட்டதும் கால் விலகுவதற்கும் ஹார்மோன் ஏறுவதற்கும் மூளையின் மேலடுக்கான புறணி தேவையில்லை. தண்டுவடமும் மூளையின் அடிப்பகுதியும் போதும். வலியை உணர வேண்டுமானால் மூளையின் நடுவில் உள்ள தலாமஸிலிருந்து புறணிக்கு நரம்பிழைகள் போய்ச் சேர வேண்டும் என்பது ஒரு தரப்பு. அந்த இழைகள் 24 வாரத்தை ஒட்டித்தான் புறணிக்குள் நுழைகின்றன. அதற்கு முன் புறணிக்குக் கீழே உள்ள ஓர் இடைக்கால அடுக்கில் காத்திருக்கின்றன. பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களின் ராயல் கல்லூரி 2010ல் 24 வாரத்துக்கு முன் வலி இல்லை என்றது. 2022ல் 28 வாரத்துக்கு முன் சாத்தியம் குறைவு என்றது. கருப்பைக்குள் குறைந்த ஆக்சிஜனிலும் நஞ்சுக்கொடி சுரக்கும் தூக்க ஊக்கிகளிலும் சிசு விழித்திருப்பதே இல்லை என்று ஆட்டுக் கரு ஆய்வுகளை வைத்துச் சொல்பவர்களும் உண்டு. மறுபக்கம் வலி ஆய்வாளர் ஸ்டூவர்ட் டெர்பிஷையர். நீண்ட காலம் வலி இல்லை என்று வாதாடியவர், 2020ல் இன்னொருவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில் அந்த இடைக்கால அடுக்கே போதுமானதாக இருக்கலாம், இன்னும் முந்தைய வாரங்களிலேயே ஏதோ ஒருவகை வலி சாத்தியம் என்று மாற்றிக்கொண்டார். அமெரிக்காவில் இந்தக் கேள்வி கருக்கலைப்பு அரசியலோடு பின்னிக்கொண்டது. 20 வாரத்திலிருந்து செய்யும் கருக்கலைப்பில் கருவுக்கு மயக்கம் கொடுக்க வேண்டும் என்று யூட்டா மாநிலம் 2016ல் சட்டமாகவே எழுதியது. அதனால் அங்கிருந்து வரும் எதைப் படித்தாலும், எழுதியவர் கருக்கலைப்பு வாதத்தில் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுப் படியுங்கள்.

தியேட்டருக்குள் இந்தச் சண்டை முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வலியா இல்லையா என்பது ஒரு கேள்வி, மயக்க மருந்து வேண்டுமா என்பது வேறு கேள்வி. வலி என்ற உணர்வே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் ஹார்மோன் எகிறுகிறது, நஞ்சுக்கொடியின் ரத்த ஓட்டம் பாதிக்கப்படலாம், கரு நெளிந்தால் ஊசி வேறெங்கோ குத்தும். இந்தக் காரணங்களே மருந்து கொடுக்கப் போதும். வலி இருந்திருந்தால் அதற்கும் சேர்த்துக் கொடுத்ததாகிவிடும்.

கருப்பையைத் திறந்தே செய்யும் ஆபரேஷனில் கதை வேறு. 1981ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் மைக்கேல் ஹாரிசன் சிறுநீர்ப் பாதை அடைபட்ட ஒரு கருவுக்கு முதன்முதலில் செய்தார். இன்று இது அதிகம் நடப்பது தண்டுவடம் மூடாமல் இருக்கும் ஸ்பைனா பிஃபிடாவுக்கு. 19 முதல் 26 வாரங்களுக்குள் மூடிவிட்டால் பனிக்குட நீர் தண்டுவடத்தை மேலும் அரிக்காது என்பது கணக்கு. இங்கே தாய்க்கு முழு மயக்கம், முதுகில் வலி மருந்து விடும் எபிட்யூரல் குழாயும் கூட. முழு மயக்கத்தின் முதல் நோக்கம் கருப்பையைத் தளர்த்துவது. கத்தி பட்டதும் சுருங்குவதுதான் கருப்பையின் இயல்பு. சுருங்கினால் நஞ்சுக்கொடி பிரியும், குழந்தை போய்விடும். கருப்பையைச் சுருங்கவிடாமல் வைக்க வழக்கமான மயக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு வாயு தேவைப்படும். அந்த அளவு வாயு தாயின் ரத்த அழுத்தத்தைக் கீழே தள்ளும். கருப்பைக்குப் போகும் ரத்தம் தாயின் அழுத்தத்தை நம்பியே இருக்கிறது, தானாகச் சரிசெய்துகொள்ளாது. கூடவே அதே வாயு கருவின் இதயத்தையும் சோர வைக்கும். எனவே ஃபினைலெஃப்ரின் கொடுத்துத் தாயின் அழுத்தத்தைத் தூக்கிப் பிடிப்பார்கள்; ஆரம்பத்தில் புரோபோஃபால், ரெமிஃபென்டனில் ஆகியவற்றைத் தாயின் ரத்தநாளத்தில் கொடுத்து, கருப்பையைத் திறக்கும் நேரத்துக்கு மட்டும் வாயுவை ஏற்றுவார்கள். இந்த முறையைச் சின்சினாட்டி குழு 2010ல் விவரித்தது. குழந்தைக்கு மேலே சொன்ன ஊசி தனியாக உண்டு. வாயு கடந்து போகத்தானே செய்யும் என்று விட்டுவிடுவதில்லை.

குழந்தையை வெளியே எடுப்பதில்லை. முதுகு மட்டும் திறப்பின் வழியே தெரியும்படி நிறுத்தி, உடல் சூட்டில் வைத்த திரவத்தைக் கருப்பைக்குள் விட்டுக்கொண்டே இருப்பார்கள். இதயத்தை எக்கோவில் ஒருவர் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். 600 கிராம் உடம்பில் நஞ்சுக்கொடியையும் சேர்த்து இருக்கும் ரத்தமே 100 மில்லிக்குச் சற்றுக் குறையக்கூட இருக்கலாம். ஒரு தேநீர் டம்ளர் அளவு. ஓ நெகட்டிவ் ரத்தம் பக்கத்தில் இருக்கும்.

இத்தனை பாடும் வீண் இல்லை. அமெரிக்காவில் மூன்று மையங்களில் நடந்து 2011ல் வெளியான ஆய்வில், பிறந்த பிறகு மூடிய குழந்தைகளில் 82 சதவீதத்துக்கு ஒரு வயதுக்குள் மூளை நீரை வடிக்கும் குழாய் தேவைப்பட்டது. கருவிலேயே மூடியவர்களில் 40 சதவீதம். இரண்டரை வயதில் துணையில்லாமல் நடந்தவர்கள், பிறந்த பிறகு மூடியவர்களில் 21 சதவீதம், கருவிலேயே மூடியவர்களில் 42 சதவீதம். விலையும் உண்டு: சராசரியாக 34 வாரத்திலேயே பிரசவம், தாய்மாரில் 6 சதவீதத்துக்கு நுரையீரலில் நீர் கோத்தது, பிரசவத்தின்போது பார்த்தால் மூன்றில் ஒருவருக்குக் கருப்பைத் தழும்பு மெலிந்தோ பிரிந்தோ இருந்தது. அடுத்தடுத்த பிரசவங்கள் எல்லாம் சிசேரியன்தான்.

மூளை வளரும் நேரத்தில் மயக்க மருந்து கெடுதல் செய்யாதா என்பதும் நியாயமான பயம். விலங்குக் குட்டிகளில் நரம்பணுக்கள் கூடுதலாக மடிவதைப் பார்த்தபின், அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2016 டிசம்பரில் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. மூன்று வயதுக்குட்பட்டோருக்கும் கருவின் கடைசி மூன்று மாதங்களிலும் 3 மணி நேரத்துக்கு மேல், அல்லது திரும்பத் திரும்பக் கொடுப்பதைப் பற்றியது அது. ஒருமுறை, குறுகிய நேரம் என்றால் என் கவலை குறைவு. மருந்தைக் குறைக்கிறேன் பேர்வழி என்று கருவைச் சரியாக மயக்காமல் விடுவதுதான் மோசமான தேர்வு என்பது என் கருத்து.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷனுக்குப் பிறகு தாய்க்கு எபிட்யூரல் இருக்கிறது, கருப்பை சுருங்காமல் இருக்க மெக்னீசியம் இருக்கிறது. தாயின் வலி அடங்கினால் கருப்பையும் அமைதியாக இருக்கும், அதனால் அதில் யாரும் கஞ்சத்தனம் செய்வதில்லை. ஆனால் குழந்தைக்கு, முதுகில் தையலோடு உள்ளே இருக்கும் அந்த நாட்களில், பெரும்பாலும் தனியாக வலி மருந்து எதுவும் போவதில்லை. பிறந்த குழந்தைக்கு அதே தையல் என்றால் யாரும் அப்படி விடமாட்டார்கள்.

உங்கள் தங்கைக்குத் திரும்ப வருகிறேன். மயக்க மருத்துவரை முந்தின நாளே பார்த்துப் பேசச் சொல்லுங்கள். தியேட்டர் வாசலில் பேசுவது பேச்சே இல்லை. லோக்கலா முதுகு ஊசியா, ஆட்டத்தை அடக்க மருந்து தருவீர்களா, நடுவில் முழு மயக்கம் தேவைப்பட்டால் எத்தனை மணி நேரம் வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும் என்று கேட்கட்டும். ரெமிஃபென்டனில் கொடுத்தால் மூச்சு கொஞ்சம் மந்தமாகும், ஆக்சிஜன் மாஸ்க் வைப்பார்கள், பயப்பட வேண்டாம். அந்த மருந்தை நிறுத்திய சில நிமிடங்களிலேயே அதன் வேகம் போய்விடும். 20 வாரத்தில் சிலருக்கு அசைவே இன்னும் தெரியத் தொடங்கியிருக்காது, அதனால் உள்ளே துடிப்பு தெரியவில்லையே என்று அவர் தானாக எண்ணி மருக வேண்டாம். சிகிச்சை முடிந்ததும் ஸ்கேனில் இரண்டு இதயங்களையும் பார்ப்பார்கள். திரையைத் தன் பக்கம் திருப்பிக் காட்டச் சொல்லட்டும்.